கறுப்புப் புள்ளி விழுந்த மைக்கா

கல்முனை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் றிபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ், நீயும் கட்டாரில் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே பயந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், விசயம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் மைக்காக் கல்லைக் கத்தியால் ஏடு ஏடாகப் பிரிக்கிறோம் அல்லவா, இஸ்திரிப்பெட்டிக்குள் சூடாகும் கம்பியிலிருந்து மின்சாரம் வெளியே தாவாமல் தடுப்பது அந்த ஏடுதான். போன மாதம் எங்கள் ஏடுகளை வாங்குகிற கம்பனி பதினாறு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டது, சோதித்தபோது மின்சாரம் ஏட்டைத் துளைத்துவிட்டதாம். முதலாளி மீராசாஹிபு எங்கள் ஏழு பெண்களையும் கூப்பிட்டு, "உங்கட கத்திதான் கீறியிரிக்கி, இனி உங்களுக்குப் பதிலா மெசின்தான் பாக்கணும்" என்றார். றபீக்கா அழுதுவிட்டாள், அவள் வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. திரும்பி வந்த ஏடுகளை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கத்தி பட்டால் கோடாகத் தெரியும். இவற்றில் ஓட்டை விழுந்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளி, கல்லிலேயே ஊறிய இரும்புக் கறை. அப்படிப்பட்டதை நாங்கள் ஒதுக்கியபோது, "கழிவு கூடுது, எல்லாத்தையும் பெட்டியில போடுங்க" என்றவர் முதலாளியேதான்.

கம்பனியிலிருந்து அன்ரனிற்றா என்ற இஞ்சினியர் பிள்ளை சோதிக்கும் கருவியோடு வந்தாள். முதலாளிக்கு முன்னாலேயே சொன்னேன், "மகள், இப்பவே பிரிச்சுத் தாறன், புள்ளி உள்ளதயும் இல்லாததயும் வேற வேறயாச் சோதிச்சுப் பாருங்க" என்று. அவள் கண்ணுக்கு முன்னாலேயே நாற்பது ஏடு பிரித்துக் கொடுத்தேன். புள்ளியில்லாத இருபது ஏடும் தாங்கின. புள்ளி உள்ள இருபதில் பதினொன்றில் பொறி பறந்து ஓட்டை விழுந்தது. "ஓம் அன்ரி, நீங்க சொன்னதுதான் சரி, கையில பிழையில்ல" என்றாள். முதலாளி எல்லோருக்கும் கேட்க, "என்ட பிழைதான் முனவ்வறா" என்றார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஏழு பேரும் வேலையில் இருக்கிறோம், இப்போது நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது.

கண் கெட்டுப்போகும், வேலையை விடுங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். கண்ணாடி மாற்றிக்கொண்டேன், வேலையை விடமாட்டேன். நீயும் அங்கே யாராவது பிழையை உன் தலையில் போட்டால், முதலில் சாமானைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக வடிவாகப் பார், பிறகு வாயைத் திறந்து கதை. அழுகை வந்தால் அறைக்கு வந்து அழு.

வாப்பா சலாம் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருப்பானாக.

உன் உம்மா
முனவ்வறா