நாலாவது சத்தம்

சிட்டு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா இருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவை எடுத்தேன். இங்க நான் நலம்னு எழுத வேண்டிய இடம் இது, கை வரலை, இருக்கேன்னு மட்டும் எழுதிக்கிறேன். போன்ல பேசுனா நீ அழுவே, நீ அழுதா நான் சொல்ல வந்ததை முழுங்கிடுவேன், அதான் லெட்டர். பிழை இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ, அஞ்சாங் கிளாஸோட நின்னவ எழுதுறது.

போன வாரம் கேட்டியே, அம்மா உடம்பைக் குறைக்க ஆரம்பிச்சியான்னு. ஆரம்பிச்சுட்டேன். டீக்குச் சர்க்கரை இல்லை, நீ சொன்ன மாதிரி சோத்தைப் பாதியாக்கி காயைக் கூட்டியாச்சு. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுப் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திரிக்கிறேன், முட்டி எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்துது. ஒரு துணி தைச்சு முடிச்சா மிஷினை விட்டு எழுந்து நடக்கிறேன். தையல் டேப்பை என் இடுப்புலயே சுத்திப் பார்த்தேன், அப்பா போன இந்த நாலு மாசத்துல அஞ்சு இஞ்சு இறங்கியிருக்கு. அது உன் யோசனையால இறங்கலை கண்ணு, வாய்ல வச்சது உள்ள போகாததால இறங்குனது. ரெண்டாவது மாடி நர்ஸ் பொண்ணு, என்னக்கா ஊர்ச் சட்டையெல்லாம் லூஸா இருந்தா நீங்க பிடிச்சுத் தைச்சுக் குடுக்கிறீங்க, உங்களுதை யாரு பிடிக்கிறதுன்னு கேட்டா. சிரிச்சு வச்சேன்.

ஜிம்முக்கெல்லாம் போக வேண்டாம்மா, லிஃப்ட் இல்லாத வீட்ல நாலாவது மாடியில இருக்கியே அதுவே பெரிய ஜிம்னு போன வருஷம் சொன்னே. அதைப் பிடிச்சுக்கிட்டு உங்கப்பா என்னைப் படுத்துன பாடு உனக்கு முழுசாத் தெரியாது. சாயங்காலம் கிடங்கைப் பூட்டிட்டு வர்றவர் மேல வர மாட்டார். ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னு, கிடங்குச் சாவிக்கொத்தால படிக்கட்டுக் கம்பியில மூணு தட்டு தட்டுவார். கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே கம்பி, நம்ம வாசல்ல கணீர்னு கேட்கும். நான் இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கிட்டு அவரோட சேர்ந்து ஏறணும், அதுதான் எனக்கு உடற்பயிற்சியாம். பீப்பாய் தானா உருளாது, யாராவது தட்டி விடணும்னு கேலி வேற. ஒரு மாசம் போனேன். அப்புறம் சோம்பல். தட்டிப் பார்த்துட்டுத் தானே ஏறி வந்து, மகாராணி இன்னைக்கும் பல்லக்கை விட்டு இறங்கலையோன்னு பையை மேசையில வைப்பார்.

இனிமே எழுதுறதை இதுவரைக்கும் உன்கிட்ட சொல்லலை. அன்னைக்கும் தட்டுனார். ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாத்திக்கிட்டிருந்தேன், பாதியில விட்டா கோணிக்கும். தட்டட்டும், எப்படியும் வருவார்னு மிதிச்சுக்கிட்டே இருந்தேன். தைச்சு முடிச்சு, நூலை வெட்டி, ஜிப்பை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்து, மடிச்சு வச்ச பிறகுதான் இந்த மனுஷனை ஏன் இன்னும் காணோம்னு தோணுச்சு. அப்பக்கூட என்னால ஓட முடியலை. இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு, கம்பியைப் பிடிச்சு, ஒவ்வொரு படியாத்தான் வந்தேன். நான் போறதுக்குள்ள வேலையில இருந்து திரும்புன நர்ஸ் பொண்ணு, திருப்பத்துல விழுந்து கிடந்த அவர் நெஞ்சை அமுக்கிக்கிட்டிருந்தா. பிறகு ஒரு நாள் அவகிட்ட, நான் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அவர்னு ஆரம்பிச்சேன். “விடுங்கக்கா”ன்னு தரையைப் பார்த்துச் சொன்னா. அதுவும் ஒரு பதில்தானே.

இப்ப தினமும் நாலு தடவை இறங்கி ஏறுறேன். போன மாசம் அந்தத் திருப்பம் வரைக்கும் இறங்க நூத்தம்பது எண்ணுனேன், இப்ப எண்பதுதான். நீ சந்தோஷப்படுவே. ஆனா இறங்கிப் போனா அங்க யாரும் நிக்கலை, வாங்கிக்க ஒரு பையும் இல்லை. உன் மனசுக்காகத்தான் செய்றேன், இல்லேன்னா இந்த உடம்பு இருந்தா என்ன, கரைஞ்சா என்ன. நீ சொன்ன யோசனையில தப்பு இல்லை சிட்டு, அதை உன் தலையில ஏத்திக்காதே. கேட்டும் இறங்காதவ நான்.

நீயும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவ, அடிக்கடி எழுந்து நட. யாராவது கூப்பிட்டா கையில இருக்கிறதைப் போட்டுட்டு உடனே போ, பேத்திக்கும் இதைச் சொல்லி வளர்த்து விடு. நடையை எண்ணுற கடிகாரம் எதுவும் அனுப்பாதே, எனக்கு எண்ணத் தெரியும். மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் ஒண்ணா இருங்க.

உன் அம்மா

மடிச்ச கடிதத்தைத் திரும்பப் பிரிச்சு எழுதுறேன். அவர் மூணுக்கு மேல எப்பவும் தட்ட மாட்டார். அன்னைக்கு மூணு கேட்டு, கொஞ்சம் விட்டு, நாலாவதா ஒரு சத்தம் கேட்டுச்சு. சாவிக்கொத்தைக் கிடங்குல இருந்து வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்குப் பதிலா நேத்து என் கத்தரிக்கோலை அந்தத் திருப்பத்துப் படியில போட்டுப் பார்த்தேன், அது மேல எப்படிக் கேட்குதுன்னு சொல்ல நம்ம வாசல்ல ஒரு ஆள் வேணும், யாரு இருக்கா. என்னை இன்னொரு தடவை கூப்பிட்டாரா, இல்லை சாவி அவர் கையை விட்டு விழுந்ததா, சிட்டு?