மூன்று தட்டு

கொஸ்லந்த
12.02.2024

அன்பு மகள் லக்ஷனாவுக்கு,

சுகமா? போனில் கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய் என்கிறார். நான்கு நாளாகவா ஒரு பிள்ளை குளிக்கும்? அதனால் நீ வேலை செய்யும் கடைக்கே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தவள், நாங்கள் ரெஸ்லிங் பார்த்துக்கொண்டிருக்கும்போது டிவி வயரைப் பிடுங்கிப் போட்டாய். "அப்பாகிட்ட அத்தனை வருஷம் வாங்கினது பத்தலையாம்மா? இதையும் பாக்கணுமா?" என்று கேட்டாய். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். நீ என்ன சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை நான் பார்ப்பேன்.

அது பேசி வைத்த சண்டை என்று எனக்குத் தெரியாதா? விழுகிறவன் சம்மதித்து விழுகிறான். செத்துப்போன உன் அப்பா என் சம்மதத்தைக் கேட்டா அடித்தார்? தாங்க முடியாதவன் கையால் தரையில் தட்டினால், எவ்வளவு பெரிய மலைமாடாக இருந்தாலும் பிடியை விட வேண்டும். விடாவிட்டால் கூட்டமே எழுந்து கத்துகிறது. நானும் இருபது வருடம் தட்டினேன் மகள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் உட்காருகிறேன்.

இன்னொன்றும் கேள். பக்கத்து வீட்டு சுபாஜினியின் புருஷன் குடித்துவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே. "அடி விழுந்தா சுவத்துல மூணு தட்டு தட்டு புள்ள" என்று சொல்லி வைத்தோம். போன வாரம் தட்டினாள். ஒன்பது பெண்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அவள் வாசலில் போய் நின்றோம். யாரும் யாரையும் தொடவில்லை. அன்றைக்குத் தன் தாய் வீட்டுக்குப் போன அந்தப் புருஷன் இன்னும் திரும்பவில்லை.

இந்தத் தட்டைக் கற்றுத்தந்த ரெஸ்லிங்கைத்தான் நீ பார்க்க வேண்டாம் என்கிறாய்.

உன் மேல் கோபம் தீராத அம்மா,
புஷ்பம்


மொனராகலை
19.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைக்கு எழுதியது நல்லது. இனியும் இங்கேயே எழுதுங்கள்.

அன்றைக்கு வயரைப் பிடுங்கியது உங்கள் மேல் உள்ள கோபத்தில் இல்லை. ஒருவன் கழுத்தை இன்னொருவன் பிடித்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது தனி வீடு அம்மா. சுற்றிலும் கரும்புத் தோட்டம். சுவரில் தட்டினால் யாருக்குக் கேட்கும்?

உங்கள்,
லக்ஷனா


கொஸ்லந்த
23.02.2024

மகள்,

எனக்குக் கேட்டது.

தபாலை நம்பாமல் இதை மொனராகலை பஸ் கண்டக்டர் ஸரூக்கிடம் கொடுத்து உன் கடைக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். அதே ஒன்பது பேர், சுபாஜினியோடு பத்து. பஸ்ஸில் கத்தியை ஏற்ற விட மாட்டார்கள், அதனால் வெறுங்கையோடுதான் வருகிறோம். உன் துணிமணியை மட்டும் எடுத்து வை. மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதே, வாசலில் நின்று நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

சாயங்காலம் ரெஸ்லிங் தொடங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். உனக்குப் பிடிக்காவிட்டால் உள்ளே காம்பராவில் போய்ப் படுத்துக்கொள். வயரில் மட்டும் கை வைக்காதே, நான் பார்ப்பேன்.

அம்மா