ஒரு எண் ஏறுகிறது, ஒரு எண் நிற்கிறது

1974 அக். 28, திங்கள்

விடியும்போதே மழை. என் புரோகிராமைத் துளையிட்ட கார்டுப் பெட்டியை மதினியின் பழைய ரெயின்கோட்டில் சுற்றி, தி.நகரிலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனேன். நான் முழுக்க நனைந்தேன். கார்டு ஒன்றும் நனையவில்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் பெட்டியைக் கொடுத்தாயிற்று. என் வேலை நீளமானது என்பதால் வரிசையில் கடைசி மரியாதை. மற்றவர்கள் வேலை போக மிச்சமிருக்கும் நேரம்தான் அதற்குக் கிடைக்கும். எப்போது முடியும்? "முடியறப்ப முடியும்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

அடுத்த திங்கள் கூட்டம். கடலோரக் கல்சுவர் எங்கே தொடங்க வேண்டும் என்று இன்ஜினியர்கள் அன்று முடிவு செய்கிறார்கள். அலைக் கணக்கு என்னுடையது. அதற்குள் விடை வராவிட்டால் பழைய வரைபடப்படி கட்டிவிடுவார்கள் என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் புரொபசர் சொல்லியாயிற்று.

அண்ணனின் துணிக்கடையில் தீபாவளிக் கூட்டம். அண்ணன்: "ஏலே செல்வம், படிச்சது போதும்ல. வந்து முழக்கோலப் புடி." ராத்திரி வரை பிடித்தேன்.

வாங்க: குடை, நீல மசி, பல்வலி மாத்திரை.

அக். 29, செவ்வாய்

விடை வரவில்லை. காலை இரண்டு தடவை, மாலை ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாம் தடவை கவுண்டர்காரர் என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார்.

மெஷின் ரூம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறம். உள்ளே குளிர், ஆபரேட்டர் ரெஜினா மேடம் ஸ்வெட்டரோடு. எங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடியைத் தட்டினேன். முறைத்தார். மறுபடி தட்டினேன். கதவை ஒரு சாண் திறந்தார்.

"இன்னும் உள்ளதான் இருக்கு மிஸ்டர் செல்வம். ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடுதா, சும்மா உட்கார்ந்திருக்கா? கேட்டுச் சொல்ல முடியுமா?"

மெஷினுக்குள் மேஸ்திரி மாதிரி ஒரு புரோகிராம் எந்நேரமும் உட்கார்ந்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் என்று பங்கு போடுவது அதுதான். அதனால் எல்லார் கணக்கும் அதனிடம் இருக்கும். மெஷினோடு இணைத்த டைப்ரைட்டரில் ஒரு சொல் அடித்தால் பதிலை அதே தாளில் அடித்துத் தரும். மேடம் அடித்தார். டைப்ரைட்டர் தானாகத் தடதடத்தது. தாளைக் கிழித்து வந்து கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

என் வேலைக்கு எதிரே இரண்டு எண்கள். ஒன்று, இதுவரை கணக்குப் போட்ட நேரம். மற்றது, என் கடல் அளவுகள் பதிந்த காந்த டேப்பிலிருந்து எத்தனை தடவை படித்தது என்பது. இரண்டையும் பஸ் டிக்கெட் பின்னால் எழுதிக்கொண்டேன். ஏதோ நடக்கிறது என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. பாண்டி பஜார் வரும்வரை நிம்மதி. அப்புறம் இல்லை.

அக். 30, புதன்

மழை விட்டுவிட்டு. நொச்சிக்குப்பம் போனேன். அளவுக் கம்பம் சாய்ந்துவிட்டதாகத் தகவல். ஏழுமலையும் நானும் நிமிர்த்தி நட்டோம். ஒரு வருஷமாக அவர் கட்டுமரத்தில்தான் அளவெடுக்கப் போகிறேன். அவர் குடிசை கடைசி வரிசை. கடல் இப்போது வாசலுக்கு இருபத்தைந்து அடி இருந்தால் அதிகம்.

"இன்னா சார், கல்லு எப்ப கொட்டுவாங்கோ? தண்ணி வூட்டாண்ட வந்துக்கினு கீது."

"மெஷின்ல போட்டிருக்கேன். இந்த வாரம் தெரிஞ்சிடும்."

"மிஷினு கரீட்டா சொல்லிடுமா?"

"சொல்லிடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சுவரைத் தப்பான இடத்தில் தொடங்கினால் அலை அதன் முனையைச் சுற்றி வந்து பக்கத்து மணலைத் தின்னும். பழைய வரைபடத்தில் முனை இவர்கள் வரிசைக்குக் கிட்டத்தில்தான் வருகிறது. அது ஆபத்தா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதற்குத்தானே கணக்கு.

செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு லஸ் வரை.

அக். 31, வியாழன்

மறுபடி கண்ணாடி. மறுபடி தாள்.

கணக்கு நேரம் எங்கேயோ ஏறிவிட்டது. டேப் எண் அப்படியே. செவ்வாய்க்கிழமை டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அதே எண்.

ரெஜினா மேடம் கதவைத் திறந்து, "ஒரே இடத்துல சுத்துதுன்னு தோணுது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அலைக் கணக்கு அப்படித்தான் மேடம். ஒவ்வொரு இடத்துக்கும் விடை நிலைக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடும். அதுக்கு நடுவுல டேப்பைத் தொடாது."

"இருக்கலாம். நேரம் தின்னுறது மட்டும்தான் எனக்குத் தெரியும். எதுக்குத் தின்னுதுன்னு உங்களுக்குத்தான் தெரியணும்."

எனக்குத் தெரிந்தால் ஏன் கண்ணாடியைத் தட்டுகிறேன்?

நிறுத்தச் சொன்னால், மூன்று நாள் ஓட்டம் போச்சு, மறுபடி வரிசையில் கடைசி, திங்களுக்குள் நடக்காது. நிறுத்தாமல் விட்டு, அது உண்மையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், திங்களன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கடையில் ஒரு அம்மாளுக்கு ரவிக்கைத் துணி அரை முழம் குறைத்துக் கிழித்துவிட்டேன். அண்ணன் எல்லார் எதிரிலும்: "எங்கலே இருக்க நீ?"

சாப்பிடப் பிடிக்கவில்லை. பல்வலியும்.

நவ. 1, வெள்ளி

காலேஜ் போகவில்லை. போனால் தட்டுவேன்.

கல்லாவுக்குப் பின்னால் புரோகிராம் தாளை விரித்து, மேலே பாவாடைத் துணியைப் போட்டு மறைத்துப் படித்தேன். மத்தியானம் வாக்கில் திடீரென்று உறைத்தது. ஒவ்வொரு இடத்துக்கும் டேப்பை இத்தனை தடவைதான் படிக்கும் என்று எழுதியவன் நான். அப்படியானால் டேப் எண்ணை வைத்தே எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம். செவ்வாய்க்கிழமையே கையில் இருந்த எண். வகுத்தேன். மறுபடி வகுத்தேன்.

கரையில் தெற்கிலிருந்து வடக்காக எல்லா இடமும் முடிந்திருக்கிறது. கடைசி இடத்தில் நிற்கிறது. நொச்சிக்குப்பத்துக்கு நேர் எதிரே, மணல்திட்டு உள்ள இடம்.

மற்ற இடங்களின் விடைகள்? எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக அச்சடி என்று எழுதியிருந்தேன். மடத்தனம். முடிந்த விடைகள் எல்லாம் மெஷின் ஞாபகத்துக்குள் கிடக்கின்றன, வெளியே வர வழியில்லாமல்.

கடைசி இடத்தின் கணக்கைக் கையால் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். விடை ஒருமுறை உயரம், மறுமுறை தாழ்வு, மறுபடி உயரம். நிலைக்கும் என்று தோன்றவில்லை. நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை.

நவ. 2, சனி

காலையிலேயே போனேன்.

"நிறுத்திடுங்க மேடம்."

"நிச்சயமா?"

"இல்ல."

கதவை முழுசாகத் திறந்தார். "உள்ள வாங்க. நீங்களே அடிங்க. நாளைக்கு நான் நிறுத்திட்டேன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. நிறுத்தறப்ப உள்ள இருக்கறதை அப்படியே அச்சடிக்கவும் சொல்லலாம். வேணுமா?"

"வேணும், வேணும்."

எந்தச் சொல் என்று காட்டினார். முதல் தடவையாக அந்த நாற்காலி. அவசரத்தில் ஒரு எழுத்து தப்பிற்று. மெஷின் புரியவில்லை என்று அடித்துக் காட்டியது. மறுபடி அடித்தேன். ஒரு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் என் வேலையின் பெயர், பக்கத்தில் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

தூரத்தில் பெரிய பிரிண்டர் இரைய ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. இரண்டு கையாலும் தூக்குகிற கனத்துக்குத் தாள்.

நவ. 3, ஞாயிறு

தாள் முழுக்க எண்ணும் எழுத்தும் கலந்த, பதினாறை அடியாகக் கொண்ட மெஷின் கணக்கு. ஒவ்வொன்றையும் சாதாரண எண்ணாக மாற்ற வேண்டும். கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். நான் தாளோடு மாடிப்படியில்.

அண்ணன் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று எழுந்தேன். தாளைப் புரட்டினார்.

"இத எல்லாம் இன்னைக்கே முடிக்கணுமா?"

"நாளைக்குக் கூட்டம்ணே."

"மேல போய் ஒக்காரு. இன்னைக்கு உன்ன நம்பியாலே கட நடக்கு?" நாலு படி இறங்கித் திரும்பி, "மதினிய சாப்பாடு மேலயே தரச் சொல்லுதேன்."

மதினி சாப்பாட்டோடு வந்தவர் போகவில்லை. "நான் வாசிக்கேன், நீங்க எழுதுங்க" என்று எதிரே உட்கார்ந்தார். ஏ, சி, நாலு, எஃப். சாயங்காலம் வரை. வாசித்து வாசித்து மதினிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பட்டியல் முடிந்தது.

கடைசி இடத்தில் முந்தாநாள் கையால் பார்த்ததேதான். உயரம், தாழ்வு, உயரம், தாழ்வு.

நவ. 4, திங்கள்

கூட்டம். புரொபசர் பட்டியலைக் காட்டிப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு இன்ஜினியர் பென்சிலை நொச்சிக்குப்பத்தின் மேல் வைத்து, "இங்கே என்ன?" என்றார்.

புரொபசர் என்னைப் பார்த்தார்.

"அங்க விடை வரல சார். கணக்கு நிலைக்கல. சுவர் முனை அங்க வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"தோராயமாச் சொல்லுங்க."

"சொன்னா அது என் வாயிலருந்து வர்றதுதான் சார், கணக்கு இல்ல."

புரொபசருக்கு முகம் சிவந்தது. கொஞ்சம் சலசலப்பு. முடிவு: தெற்குப் பக்க வேலை தொடங்கலாம். குப்பத்துப் பக்கம் மறு கணக்கு வரும்வரை கல் கொட்டுவதில்லை. அதாவது இந்த மழைக்கு அவர்களுக்குச் சுவர் கிடையாது. தப்பான சுவரும் இல்லை, சரியான சுவரும் இல்லை.

வெளியே வந்ததும் புரொபசர், "ஒரு நாள் முன்னாடி என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

நவ. 5, செவ்வாய்

புதுக் கார்டுகள் காலையிலேயே கொடுத்தேன். கடைசி இடம் மட்டும். இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே, ஒவ்வொரு சுற்றையும் அச்சடி என்று சேர்த்து.

நொச்சிக்குப்பம். கடல் கறுப்பு. பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றேன். பிறகு போனேன். ஏழுமலையும் அவர் மச்சானும் குடிசையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓலை ஒரு பக்கம், கழி ஒரு பக்கம். ரோட்டோரமாகத் தள்ளிப் போடப் போகிறார்களாம்.

எல்லாம் சொன்னேன். மெஷின் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை, இந்த மழைக்குக் கல் வராது.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"தெர்லன்னு சொல்றத்துக்கு ஒரு வாரமா சார்?"

"ஆமா."

"சரி, அந்தாண்ட புடி."

உத்திரக் கழி. நனைந்து ஊறிப்போய் என்ன கனம். தோளில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.