ஆறாம் நம்பர் வீட்டுக் கோழிக்கூடு

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மலையில் பால் வெட்டு இல்லை.

நேற்று வரக்காப்பொலவில் மகள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த நான்கு உருப்படிகளும் உயிரோடு. சேவல் 1, பெட்டை 3. மருமகன் ஆசையாக வளர்த்தவை. சேவல் கூவுவதில் தூக்கம் போகிறதென்று வாடகை வீட்டின் சொந்தக்காரர் சொல்லிவிட்டாராம். மகள் பெட்டியைக் கட்டி என் மடியில் வைத்துவிட்டாள். "நீங்க சும்மாதானேப்பா இருக்கீங்க" என்றாள். ஓய்வு பெற்றவன் என்றால் சும்மா இருப்பவன்.

சில்கி என்று ஜாதியாம். அழகுக்கு மட்டும். இறகு கிடையாது, பஞ்சு. தலையில் ஒரு வெள்ளைப் பந்து, காலில் மேஜோடு போட்ட மாதிரி முடி. கண் எங்கே என்று தேட வேண்டும். கண்டக்டர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு முயலுக்கு டிக்கெட் உண்டு என்றார். கோழிதான் என்று நிரூபிக்கப் புளத்கொகுபிட்டிய வரை ஆயிற்று.

தற்சமயம் குளியலறையில். ஆகவே எனக்குக் குளியல் இல்லை.

என் மனைவி செல்வி ஒரு சுற்றுப் பார்த்தாள். "கறிக்கும் ஆகாது, முட்டையும் கோலிக்குண்டு அளவு. இதுக்கு வேற ஒரு வீடு கட்டணுமா?" என்றாள். மாலையில் எட்டிப் பார்த்தால் சேவலின் காலைத் துவாலையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். என் துவாலை.

ஜூன் 3, செவ்வாய்

மழை. நாள் முழுக்கப் பிளான். பெரிய தாள், அடிக்கு ஓர் அங்குலம் வீதம்.

இந்தத் தோட்டத்து ஆபீஸில் முப்பத்தேழு வருஷம், கடைசிப் பதினொன்று பெரிய கிளாக்கராக. பிளான் இல்லாமல் யாரையும் ஆணி அடிக்க விட்டதில்லை.

தேவைகள்:
1. கூடு தரைக்கு இரண்டடி மேலே. கால்முடி நனைந்தால் சளி பிடிக்குமாம்.
2. கூட்டை ஒட்டி, உலாவ ஆறடிக்கு நான்கடி. நாலு பக்கமும் மேலேயும் வலை. (கீரி, உடும்பு, பருந்து, குரங்கு. குரங்கு கோழி தின்னாது. ஆனால் அதை நம்ப முடியாது.)
3. வலை சின்னக் கண்ணாக. கீரிக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.
4. வலையின் அடி அரையடி மண்ணுக்குள்.
5. கூட்டின் கால்களுக்குக் கழிவு எண்ணெய் டின். எறும்புக்கு.
6. கதவு. கொக்கி வெளிப்பக்கம். கோழி தானாகத் திறக்கக் கூடாது.
7.

செ. சாப்பிடக் கூப்பிட்டாள். 7 என்னவென்று மறந்துபோயிற்று.

ஜூன் 4, புதன்

காலையில் வெயில், பத்து மணிக்கு மேல் வழக்கம்போல.

சோமே பாஸ் வந்தார். ஆபீஸ் தச்சு வேலையெல்லாம் அவர்தான் செய்வார், நல்ல கை. பிளானைக் கொடுத்தேன். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வாங்குப் பலகை ஈரமாக இருந்ததால் பிளானை அதில் விரித்து உட்கார்ந்தார். "மாத்தயா, கோழி படிக்கப் போறதில்லதானே" என்றார்.

ரப்பர் பலகை வேண்டாம், ஒரு வருஷத்தில் பூச்சி தின்றுவிடும் என்றார். கித்துள் மரத்தில் கால், கமுகில் சட்டம். அதில் அவர் சொன்னதுதான் சரி.

கதவு ஒன்றேகால் அடி. நான் போட்ட அளவு. உள்ளே யார் கூட்டுவது என்று பாஸ் மூன்று தரம் கேட்டார். பிளான் பிளான்தான் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அறுத்தார்.

தண்ணீர் வைக்க, ரப்பர் பால் ஸ்டோரில் பழசென்று கழித்துவிட்ட அலுமினியத் தட்டு ஒன்று. கழித்த சீட்டு என்னிடம் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

கூரைத் தகரம் ஏற்றியாயிற்று. சரிவு கதவுப் பக்கம். கதவைத் திறக்கக் குனிகிறவரின் பிடரியில் ஒரு வாளித் தண்ணீர். முதலில் நனைந்தது செ. பிளானில் இப்படித்தான் இருக்கிறது என்றார் பாஸ். பார்த்தேன். இப்படித்தான் இருக்கிறது.

மறுபடி கழற்றி மறுபடி ஏற்றியதில் பகல் போயிற்று. செ. தலையைத் துவட்டிக்கொண்டே, முப்பத்தேழு வருஷம் அந்த ஆபீஸ் எப்படி நின்றது என்று பாஸிடம் விசாரித்தாள்.

ஜூன் 6, வெள்ளி

தூறல். குடிபுகுதல். செ. சாம்பிராணி காட்டினாள், கேட்டால் கொசுவுக்கு என்கிறாள். சேவலுக்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருக்கிறாள். நடை அப்படி.

பத்தரை மணிக்கு ரப்பர் பால் வாளியோடு சரோஜா, மேட்டு லயத்தில் தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவள். வேலி ஓரம் நின்றாள். எனக்கு அவளைப் பார்த்தாலே ஒரு மாதிரி. சில வருஷத்துக்கு முன் அவள் லயத்துக்குப் பின்னால் கோழிக்கூடு கட்டினாள். அனுமதிக் கடிதம் இல்லை என்று நோட்டீஸ் எழுதிப் பிரிக்க வைத்தவன் நான். தோட்டத்து மண்ணில் மேனேஜர் துரையின் கையெழுத்து இல்லாமல் ஒரு முளைகூட அடிக்கக் கூடாது. எத்தனை பேருக்கு இதை வாசித்துக் காட்டியிருப்பேன்.

"கூடு லெச்சணமா இருக்குங்க கிளாக்கரையா" என்றாள். "ஆபீஸ்ல லெட்டர் குடுத்துட்டீங்கதானே?"

மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அதுதான் சங்கடம்.

மாலை கடிதம் எழுதினேன். பொருள்: 6ஆம் இலக்க உத்தியோகத்தர் விடுதியின் பின்புறத்தில் அலங்காரக் கோழிகள் நான்கிற்குத் தற்காலிகக் கூடு அமைக்க அனுமதி கோரல். ஒரு பிழை இல்லை. இரண்டு தரம் வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. ரிட்டயர் ஆகிப் பதினேழு மாதத்தில் இன்றுதான் கை ஒழுங்காக ஓடியது.

ஜூன் 7, சனி

மழை விட்டிருந்தது. ஆபீஸுக்கு நடந்தே போனேன். என் மேசையில் இப்போது நெத்மி என்ற சிங்களப் பிள்ளை. நல்ல பிள்ளை, தமிழும் பேசும், கையெழுத்து முத்து மாதிரி. முத்திரை குத்தினாள். வரும் கடிதம் பதியும் புத்தகத்தில் நம்பர் போட்டாள், 114. கடிதத்தைத் துரையின் தட்டில் வைத்தாள்.

செ.யிடம் சொல்லவில்லை. அனுமதி வந்ததும் காட்டலாம்.

திரும்பும்போது மேட்டு லயத்து வழியாக வந்தேன். சரோஜா கண்ணில் பட்டால் சொல்லலாம் என்று. படவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மண் வெட்டி வலை புதைத்தேன். காலில் அட்டை ஏழு. இரண்டு மணி வாக்கில் ஓர் உடும்பு வந்தது, வலையை ஒரு சுற்றுச் சுற்றியது, நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வலைக்கு நற்சான்று.

பெரியவர் இவ்வளவையும் கவனிக்கவில்லை. முடி கண்ணை மறைக்கிறது. செ. கத்தரிக்கோலும் கையுமாக உள்ளே போகப் பார்த்தாள், கதவில் தோள் நுழையவில்லை. பிளானைப் பற்றி மீண்டும் பேச்சு.

ஜூன் 9, திங்கள்

நல்ல மழை. மழையைப் பற்றி எழுத மனம் இல்லை.

ஒன்பது மணிக்கு நெத்மியிடமிருந்து போன். "ஐயா, ஆறாம் நம்பர் வீடு புத்தகத்துல காலின்னு இருக்கு. நீங்க எந்த வீட்டுல இருந்து எழுதினது?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசி வேலை நாள். கணக்கெல்லாம் முடித்து, வீட்டுப் புத்தகத்தையும் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று 6ஆம் நம்பருக்கு நேரே நானே எழுதினேன்: காலி. கையெழுத்தும் போட்டேன். ரிட்டயர் ஆனால் வீட்டை விட வேண்டும், அதுதான் சட்டம். அந்த வாரம் பழைய துரைக்கு மாற்றம். புதியவர் வந்தார். ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சாமான் கட்டவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், இப்படியே. நாங்கள் இங்கே இருப்பது தோட்டத்தில் பால்காரரிலிருந்து பூசாரி வரை எல்லாருக்கும் தெரியும். புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியாது.

அந்தப் புத்தகத்துக்கு நான் கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டேன்.

நெத்மியிடம் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, செ.யிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சிரட்டை தெரிந்த பிறகும் துருவினாள்.

"எல்லாரும் மறந்துட்டாங்களேன்னு நான் தெனமும் சாமிக்கு வெளக்கு வச்சேன்" என்றாள். "நீங்க லெட்டர் வச்சீங்க."

துருவலை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. ஆபீஸ் மூடல். ஒரு நாள் தவணை.

செ. என்னோடு பேசுவதில்லை. தேவையானதைப் பெரியவரிடம் சொல்கிறாள். "பெரியவரே, தேத்தண்ணி ஆறுதுன்னு சொல்லுங்க." நான் குடித்துவிட்டுப் பெரியவரிடமே கோப்பையைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மகள் கூப்பிட்டாள். இங்கேயே வந்துவிடுங்கள் என்கிறாள், மனசோடுதான். கண்டி ரோட்டுக்கு மேலே ஓர் அறை. மண்ணில் கால் வைக்கப் பதினாறு படி இறங்க வேண்டும். இறங்கினாலும் அது கடை வாசல். செ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொல்லையில் எதையாவது நடுகிறவள். அங்கே என்ன செய்வாள்?

இருபத்தொன்பது வருஷம் இந்த வீட்டில். இரண்டு பிள்ளைகளையும் கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து இங்கேதான் தூக்கி வந்தோம். சுவரில் இருக்கும் ஓர் ஆணிகூட நம்முடையதில்லை என்று எனக்குத் தெரியாததா? எழுதி வைத்தவனே நான். தெரிந்தும் பயமாக இருக்கிறது. அவளை இந்த வயதில் என் கையாலேயே வெளியேற்றிவிட்டேனே. ஒரு கோழிக்கூட்டுக்காக. அதுவும் யாரும் கேட்காத கடிதம்.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை முறையாக எழுத வேண்டும்.

கா. 9.30. கூட்டு வலைக்குள் எச்சம் கூட்ட வேண்டும். செ. செய்ய மாட்டாள், கேட்கவும் எனக்கு வாய் இல்லை. ஒன்றேகால் அடிக் கதவில் முதலில் தலை, பிறகு ஒரு தோள், பிறகு மூச்சை வெளியே விட்டு மற்றத் தோள். நுழைந்துவிட்டேன். உடனே காற்றும் மழையும். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது. கொக்கி வெளிப்பக்கம்.

செ.யைக் கூப்பிட்டேன். பேசாமல் இருப்பவள் கேட்காமலும் இருந்தாள்.

கா. 9.50. ஜீப் சத்தம்.

துரை குடையோடு பின்பக்கம் வந்தார். சின்ன வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நான் நான்கு காலில். முதுகில் பெரியவர். எழுந்து நிற்க உயரம் போதாது, அதனால் இருந்தபடியே வணக்கம் சொன்னேன். அவர் குடையோடு குந்தினார்.

"கிளாக்கர், இந்த லெட்டர் நீங்க எழுதினதா?"

ஆமாங்க என்றேன்.

"நான் இத பாத்தா மேல எழுதணும். மேல இருந்து கேப்பாங்க, பதினேழு மாசம் தொரை என்ன செஞ்சதுன்னு. அதுனால நான் பாக்கல்ல. இந்தாங்க, எடுத்துக்கங்க." கடிதத்தைச் சுருட்டி வலைக்கண்ணில் நுழைத்தார்.

கை நீட்டியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு. "தொரைங்க, புத்தகத்துல நூத்திப் பதினாலு விழுந்திருச்சிங்களே. லெட்டர் இல்லாம நம்பர் மட்டும் நின்னா, கணக்குப் பாக்க வர்ற ஓடிட்ல..."

துரை கண்ணை மூடித் திறந்தார். "புத்தகத்துல வீடு காலி. காலி வீட்டுல கோழி இருக்கலாம். கோழிகிட்ட யாரும் லெட்டர் கேக்க மாட்டாங்க."

அதற்குள் செ. வந்து நின்றாள். தலையில் துவாலை, கை கொக்கியில். திறக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். மழையில் அவள் கண் சிவந்திருந்தது, மழையால் அல்ல.

"வாங்கிக்கங்க" என்றாள். "அப்பறம் தெறக்குறேன்."

இரண்டு நாளில் என்னிடம் நேரே சொன்ன முதல் பேச்சு. வாங்கினேன். சுருள் நனைந்து முத்திரை மை கையில் ஒட்டியது. திறந்தாள். தலை வந்தது, தோள் வரவில்லை. துரை குடையை வைத்துவிட்டு ஒரு கையைப் பிடித்தார், செ. மறு கையை.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ஜீப்பில் ஏறும்போது, குஞ்சு பொரித்தால் இரண்டு வேண்டும் என்றார். "எழுத வேணாம்" என்றும் சொன்னார்.

சாயங்காலம் செ. தோளுக்குத் தைலம் தேய்த்தாள். வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தித் தேய்த்தாள். எனக்கு அழுகை வந்தது. தைலத்தின் காரம் என்றேன். ஆமாம் என்றாள்.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டமாக இருக்கிறது. மழை இல்லை.

114 தூங்க விடவில்லை. கோழித் தீன் வாங்கப் போவதாக செ.யிடம் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். நெத்மி புத்தகத்தை விரித்தாள். என்ன எழுதுவது என்று அவளுக்கும் தெரியாமல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள். 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதச் சொன்னேன். யாரால் என்றாள். பெயர் சொன்னேன். எழுதினாள். தேதி போட்டாள். அழகாக இருந்தது. மனப்பாரம் இறங்கிற்று.

"ஐயா, இந்தக் கட்டம் மட்டும் விட்டிருக்கு. வீட்டு விலாசம் சொல்லுங்க."

ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், எத்தனை பேரின் புத்தகத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் பேனா தாளைத் தொட்டு நிற்கிறது. 'ஆறு' என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பஸ் வந்துருச்சி புள்ள" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அந்த நேரத்துக்குப் பஸ்ஸே கிடையாது. அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டாள்.