நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம்

18 ஜனவரி 1949, அரியலூர்

மலர்கொடிக்கு இருமல் நின்றுவிட்டது. நின்றதும் பயமாக இருக்கிறது. நேற்று வரை இருந்தது இன்று எங்கே போயிற்று? தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராகத்தான் வருகிறது. இவர் பார்த்துவிட்டார். "இருமினாலும் டாக்டர், இருமாட்டாலும் டாக்டரா?" என்றார். திருச்சியில் பி.ஏ. வரை படித்தேன். எட்டு மாதக் குழந்தையைப் பற்றி ஒரு வரி கூட யாரும் சொல்லித் தரவில்லை.

காலையில் ஆட்கள் வந்து சங்கிலி பிடித்துத் தெருவை அளந்தார்கள். இவர் உதவி மாஸ்டராக இருக்கும் ஸ்டேஷனுக்குப் பெரிய கூட்ஸ் ஷெட் வருகிறதாம். சுண்ணாம்புக்கல் வண்டிகள் போய்வர ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். எங்கள் வரிசை வீடுகளின் முன்பக்கம் கொஞ்சம் போகும். பின்னால் இருக்கும் சின்னத் தெரு முழுதுமே போகும். அங்கிருப்பவர்களுக்கு ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் மனை. மாசி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்.

அண்ணன் பட்டாளத்திலிருந்து வந்தபோது கொடுத்த பெட்டிக் கேமரா டிரங்கில் கிடக்கிறது. இடிப்பதற்கு முன் இந்தத் தெருவை, இருக்கிற மாதிரியே, எடுத்து வைத்தால் என்ன? இவரிடம் கேட்டேன்.

"எடேன். முதல்ல குழந்தைய எடு."

அது மட்டும் மாட்டேன். குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆனாலும் மாட்டேன்.

23 ஜனவரி

இருக்கிற மாதிரி என்றால் இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை.

முதலில் மூலைப் பெட்டிக்கடை அமாவாசை. சோடா பாட்டில்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் பச்சையாக வெளிச்சம் அவர் கையெல்லாம். "அப்படியே இருங்க" என்றேன். பதறி எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது. செத்தவனக்கூட நாற்காலில சாத்தி வச்சுத்தான் படம் புடிக்கிறாங்க. உசுரோட இருக்கறவன தரையில வச்சு எடுக்கறீங்களே."

சரி, நாற்காலியே போடுவோம் என்றேன். ஆனால் கை வைத்த நாற்காலி இந்தத் தெருவிலேயே ஒன்றுதான். எங்கள் வீட்டின் சொந்தக்காரி, பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்காவுடையது. தேக்கு, பிரம்பு பின்னியது. கேட்டதும் கொடுத்தாள். சந்தோஷமாகவே கொடுத்தாள். பட்டு உடுத்தி முதல் படத்துக்கு அவளே உட்கார்ந்தாள். "ரெண்டு கையும் வரணும் ஜெயா. வளையல் போட்டது வீணாப் போயிடக் கூடாது." பிறகு நாற்காலி அமாவாசை கடைக்குப் போயிற்று. அங்கிருந்து எண்ணெய்ச் செக்கு. அங்கிருந்து தையல்காரர் வீடு. எங்கிருந்தோ ஒரு கைக்கடிகாரமும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆண்கள் ஒவ்வொருவராக அதைக் கட்டிக்கொண்டு, மணி பார்ப்பதுபோல் கையை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கடிகாரம் ஓடவில்லை என்று கடைசியில்தான் தெரிந்தது.

முதலில் எரிச்சல். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நினைத்து நினைத்துச் சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து மலர்கொடியும் சிரித்தாள்.

6 பிப்ரவரி

ஞாயிறு. மலர்கொடிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட இருசம்மாள் வந்தாள். பின்தெருக்காரி. போன மே மாதம் திருச்சிக்கு ரயில் வருவதற்குள் எனக்கு வலி முந்திவிட்டபோது, இவளைத்தான் ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். என் மகளை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை இவளுடையது. அப்போதும் கொல்லை வழியாகத்தான் வந்தாள். இப்போதும் அப்படித்தான் வருகிறாள். வாசல் வழியாக வாங்க என்றால் கேட்பதில்லை.

குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கும் ஒரு படம் புடிச்சுத் தருவீங்களா தாயி?"

அவள் மகன் சாமிதுரை ஜப்பான் சண்டைக்கு முன்பே பினாங்குக்குப் போனவன். உயிரோடு இருக்கிறானா என்றே பல வருஷம் தெரியாது. இப்போது அங்கிருந்து லீவில் வந்திருக்கும் வைரக்கண்ணு வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான் — ஆத்தா முகம் மறந்துபோயிடும்போல இருக்கு, ஒரு படம் வேணும். வைரக்கண்ணு மார்ச் முதல் வாரம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார்.

"நாற்காலில உக்காந்த மாதிரி வேணும் தாயி. தரையில உக்காந்திருந்தா, ஆத்தா இன்னும் தரையிலதான் கெடக்கறான்னு நெனைப்பான். அங்க கூட இருக்கறவங்களும் பாப்பாங்கல்ல."

பிலிம் சுருளில் மிச்சம் ஒரே படம். உங்களுக்குத்தான் என்றேன். நாற்காலிக்கு என்ன, அக்காவிடம் வாங்கித் தருகிறேன் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

7 பிப்ரவரி

அக்கா கொடுக்கவில்லை.

முதலில் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று. "அவளுக்கு எதுக்கு நாற்காலி? பாய விரிச்சு எடு." நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அதுல அப்புறம் நான் உக்கார வேணாமா? நீயும் அவளப் போயி நீங்க, வாங்கன்னு கூப்புட்டுக்கிட்டு. ஊரோட ஒத்துப் போ ஜெயா. இந்த வூட்டக் கேட்டு தினம் ஆள் வந்துக்கிட்டுதான் இருக்கு."

குழந்தை அழுகிறது என்று சொல்லி வந்துவிட்டேன். குழந்தை அழவில்லை. ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னேனா? இல்லை. வீட்டை விடச் சொன்னால் கைக்குழந்தையோடு எங்கே போவது? இதுதான் மனசில் ஓடியது. பயந்தாங்கொள்ளி. பி.ஏ. பயந்தாங்கொள்ளி.

8 பிப்ரவரி

இருசம்மாளிடம் சொல்லவில்லை. நாளைக்கு.

10 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "நின்னுக்கிட்டே எடுத்துருங்க தாயி, பரவால்ல" என்றாள். பிறகு, "ஆனா நின்னா, எவனோ கூப்புட்டு நிக்க வச்ச மாதிரில்ல இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் இவரிடம் கொட்டினேன். அழுகையும் வந்தது. இவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "பெரிய மாஸ்டர் லீவுல போறார்" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் சொன்னதையே காதில் வாங்கவில்லை என்று கோபித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

13 பிப்ரவரி

எங்கிருந்து தொடங்குவது. அத்தனை சந்தோஷம்.

பதினோரு மணி இருக்கும். தெருவில் ஒரே சத்தம். வாசலுக்குப் போய்ப் பார்த்தால், இவர். வெள்ளைக் கோட்டோடு. தலையில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் பெரிய நாற்காலி, கவிழ்த்து வைத்து, நாலு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனுஷன்.

அமாவாசை கடையிலிருந்து குரல் கொடுத்தார். "என்ன சார், வண்டி லேட்டு, நாற்காலி மட்டும் கரெக்டா வருது?"

இவர் நிற்கவில்லை. என்னைத் தாண்டும்போது, "கேமராவ எடுத்துக்கிட்டு வா. அடுத்த வண்டிக்குள்ள திரும்பணும்" என்று மட்டும் சொன்னார். கமலவேணி அக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு நிமிர்ந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பின்தெருவில் பாதிக் கூரைகள் ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. இருசம்மாள் வீட்டு வாசலில், விளக்கு மாடக்குழி வைத்த சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டார். உயரமான சாய்வு, முதுகில் ரயில்வே முத்திரை. அவள் குளித்து, சிவப்புச் சேலை கட்டி வந்தாள். கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுவதுபோல் நுனியில் உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காருங்கம்மா," என்றார் இவர். "எங்க மாஸ்டரையே தாங்குற நாற்காலி. நீங்க எம்மாத்திரம்."

தெருவே சிரித்தது. இருசம்மாள் முகம் மட்டும் மரம்போல் இறுகிக் கிடந்தது. ஒரே படம். இப்படியா போக வேண்டும்?

"பாப்பாவக் குடுங்க தாயி. கை சும்மா இருந்தா என்ன பண்றதுன்னே தெரியல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆயுசு, கண்ணேறு, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயிற்று. இறக்கி அவள் மடியில் வைத்தேன். யாரும் சொல்லி இல்லை, நானாகத்தான் வைத்தேன். மலர்கொடி உடனே அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாள். இருசம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அழுத்திவிட்டேன்.

14 பிப்ரவரி

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. காலையில் தொட்டுப் பார்த்தேன், மத்தியானமும் பார்த்தேன். இல்லை. ஆனால் படம் சரியாக விழுந்திருக்குமா? வெயில் எனக்கு எதிரே இருந்ததா, முதுகில் இருந்ததா? முதுகில்தான். முதுகில்தானே?

சுருளை ரயில் கார்டு தர்மராஜ் திருச்சிக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

18 பிப்ரவரி

அக்கா பேசுவதில்லை. தினமும் மதில் மேல் வைக்கும் மோர்ச் செம்பும் வரவில்லை. "வீட்டை விடச் சொன்னா என்ன பண்றது?" என்றேன். "பிளாட்பாரம் நீளமாத்தான் இருக்கு" என்கிறார் இவர். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது. ஆனால் முன்போல் பயமில்லை. ஏன் என்று தெரியவில்லை.

25 பிப்ரவரி

படங்கள் வந்துவிட்டன. தர்மராஜ் வண்டி நிற்பதற்கு முன்பே உறையை ஆட்டிக் காட்டினாராம்.

தையல்காரருக்குத் தலை பாதிதான். கடிகாரம் முழுசாக விழுந்திருக்கிறது. அமாவாசை, யாரோ அடிக்க வருவதுபோல் பார்க்கிறார். எல்லாருடைய கண்ணிலும் அதே பயம். இருசம்மாள் மட்டும் சிரிக்கிறாள். பல்லெல்லாம் தெரிய, நாற்காலி நிறைய உட்கார்ந்து. மலர்கொடி ஆடிவிட்டதால் அவளுக்கு மூன்று கை. மூன்றும் இருசம்மாள் முகத்தை நோக்கிப் போகிறது.

அவளிடம் கொடுத்தேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரோ பெரிய எடத்து அம்மான்னு நெனச்சுடப் போறான் எம் புள்ள" என்றாள். பிறகு மறுபடி பார்த்து, "இல்ல. சிரிப்ப வச்சுக் கண்டுபுடிச்சுருவான்."

27 பிப்ரவரி

படம் வைரக்கண்ணுவின் பெட்டியில், வேட்டி மடிப்புக்குள் பத்திரமாக ஏறிவிட்டது. நாளை நாகப்பட்டினம் போகிறார்.

மத்தியானம் கமலவேணி அக்கா வந்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் என்று நினைத்தேன். உட்கார்ந்தாள். தன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில், எனக்கென்று போட்டுக்கொண்ட இருசம்மாள் படத்தின் இன்னொரு பிரதி. அதையும் எடுத்தாள்.

"எங்க நாற்காலி இம்புட்டுக் குட்டையாவா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அக்கா."

"எங்கன நல்லாருக்கு. கழுத்தே இல்லாம அமுக்கி வச்ச மாதிரி இருக்கேன். இவ பாரு, ராணி கணக்கா." இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அந்த ஸ்டேஷன் நாற்காலி இன்னொருவாட்டி கெடைக்குமா?"

"அதுல இருசம்மா உக்காந்தாங்களே."

"தெரியும். அதான் படத்துல பாத்தனே," என்றாள். எழுந்து போய்விட்டாள்.

இன்னொரு தடவை தலையில் தூக்க முடியாது, வேண்டுமானால் அக்கா ஸ்டேஷனுக்கு வரட்டும் என்கிறார் இவர்.

17 ஏப்ரல்

தெருவின் முன்பக்கம் போயிற்று. எங்கள் வாசல் இப்போது நேராக ரோட்டில். பின்தெரு இருந்த இடத்தில் கூட்ஸ் ஷெட்டின் தூண்கள் எழும்பிவிட்டன. அமாவாசைக்குக் கட்டட ஆட்களால் நல்ல வியாபாரம், இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார். இருசம்மாள் லைனைத் தாண்டிப் புது மனையிலிருந்து வருகிறாள். கொல்லைச் சுவரை எடுத்துக் கட்டுகிறார்கள், அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. வாசல் வழியாகத்தான் வருகிறாள்.

புதுச் சுருள் வந்திருந்தது. இன்று காலை ஸ்டேஷனில், பெரிய மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, நாற்காலியைப் பிளாட்பாரத்தில் வேப்பமரத்து நிழலில் போட்டார் இவர். கமலவேணி அக்கா அதே பட்டில் வந்தாள். உட்காருவதற்கு முன் ஒரு கணம் நின்றாள். மலர்கொடியை வைத்துக்கொண்டு இருசம்மாள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். அக்கா உட்கார்ந்தாள்.

மேலிருந்து கேமராவின் கண்ணாடியில் பார்த்தேன். எல்லாரையும்போல இவளும் இறுகிப்போய், கண் விரிந்து. என்ன சொல்லித் தளர்த்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மூச்சப் புடிக்காதீங்க," என்றாள் இருசம்மாள். "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. விட்டுட்டீங்கன்னா செரியாயிரும்."

அக்கா அவளைப் பார்த்தாள். மூச்சை விட்டாள். எடுத்துவிட்டேன்.