நேற்று வைத்த வெண்டைக்காய்

கவாலா
செப்டம்பர் கடைசி

அன்பு மகள் ஆர்கிரோவுக்கு,

நீயும் மாப்பிள்ளை மினாஸும் அங்கே குளிர் தொடங்கும் முன் உடம்பைத் தேற்றிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என்னைக் கேட்டால் நான் நன்றாகவே இருக்கிறேன், இவ்வளவு நன்றாக இருந்து பல வருஷம் ஆகிறது. உன் அப்பா உயிரோடு இருக்கிறார், அதைச் சுகம் என்று சொல்வதா வேண்டாமா என்பதை உன் விருப்பத்துக்கு விடுகிறேன். நீ அனுப்பிய காப்பிப் பொட்டலம் வந்தது, ஜெர்மன்காரர்கள் இதைத்தான் குடிக்கிறார்கள் என்றால் பாவம் அவர்கள், இனி அனுப்பாதே. ஆகஸ்டில் வராமல் போனதற்கு மினாஸின் காரைக் காரணம் சொல்லியிருக்கிறாய், போகட்டும். அப்பா என்ன சாப்பிடுகிறார், நீ ஒருத்தியாக ஏன் சிரமப்பட வேண்டும், திராமாவில் கல்லியோப்பி அத்தை வீட்டுக்கு அவரை அனுப்பிவிடலாமே என்று கேட்டிருக்கிறாய். தன் அண்ணனைத் தானே பார்த்துக்கொள்வதாக அத்தையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் செய்கிறீர்கள் என்று தெரிகிறது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

உன் அப்பா நேற்றைய சாப்பாட்டை வாயில் வைத்தவர் இல்லை, இது உனக்குத் தெரியும். புகையிலைக் கிடங்கில் இலை பிரித்துப் பிரித்து விரலெல்லாம் பிசினாகி வீட்டுக்கு வந்தாலும் மத்தியானத்துக்குப் புதுச் சட்டி ஏறியிருக்க வேண்டும், அதற்காக விடியும் முன்பே எழுந்து தக்காளிக்குள் அரிசி அடைத்து, தட்டில் அடுக்கி, பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறேன். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் உடம்பு முடியாமல் முந்தின நாள் பீன்ஸ் சூப்பைச் சுடவைத்து வைத்தேன். மோந்து பார்த்தார், தட்டு சுவருக்குப் போனது. முதலாளி வீட்டு மிச்சத்தத் தின்னு வளந்தவன்டி நான், இனிமே செத்தாலும் மிச்சம் திங்க மாட்டேன் என்றார். பொய்யில்லை, அவருடைய அம்மா புகையிலை வியாபாரி வீட்டில் பாத்திரம் கழுவி, அவர்கள் கடித்துப் போட்டதை முந்தியில் கட்டிக்கொண்டு வந்துதான் பிள்ளைகளை வளர்த்தாள். சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லித்தான் அவர் கைதட்டு வாங்குவார். உழைக்கிறவனுக்கு மிச்சத்தைப் போடாதே என்று மேடையில் முழங்குவார், அவர் தொடாத மிச்சத்தை வீட்டில் யார் தின்றார்கள் என்று சங்கத்தில் ஒருத்தனும் கேட்டதில்லை. நான் தின்றேன், நீயும் தின்றாய், இருவரும் அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்தே தின்றோம். அப்ப நாங்க யாரு வீட்டு நாய் என்று ஒருதரம் கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில் என் புருவத்தின் மேல் இன்னும் இருக்கிறது, அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டதாக உன்னிடம் சொல்லியிருந்தேன்.

பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்ததையும் வலது பக்கம் போனதையும் எழுதினேன், பேச்சு போனதையும் எழுதினேன். ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது என்பதை எழுதவில்லை. வேண்டாம். அவ்வளவுதான். தண்ணீர் கேட்டாலும் வேண்டாம், ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் வேண்டாம், பாதிரியார் வந்து கும்பிடச் சொன்னாலும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே முந்தின நாள் பீன்ஸ் சூப்பை மசித்து எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன், இது நேத்து வச்சதுங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே மகளே, திறந்த வாய்க்குள் கரண்டி போய்விடும். இப்படியே பருப்பு, பட்டாணி, சுரைக்காய் என்று கோடை முடியும் வரைக்கும் போனது. ஒரு நாளும் நான் அவரைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை, சட்டை அழுக்காக விட்டதில்லை. நேற்றையதைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

சிலுவைத் திருநாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை கல்லியோப்பி வந்தாள். இப்போது மசிக்க வேண்டியதில்லை, ஓரளவு மென்று விழுங்குகிறார். அவள் பார்க்க வேண்டும் என்று புதிதாக வெண்டைக்காய் வாங்கி, தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் விட்டு வேகவைத்தேன், முந்தின நாள் வெண்டைக்காய்ச் சட்டி மூடியபடி ஜன்னல் விளிம்பில் இருந்தது. புதியதில் இரண்டு வாய் வாங்கினார், மூன்றாவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். கல்லியோப்பி விழுந்து விழுந்து சிரித்தாள். அடி ஆத்தீ, அண்ணன் நேத்துச் சட்டியக் கேக்குது அண்ணி, செத்தாலும் தொடமாட்டேன்னு சொன்ன மனுசனா இது என்று அவளே எழுந்துபோய் ஒரு தட்டு நிறையப் போட்டு ஊட்டினாள். ஒரு வேண்டாம் வரவில்லை. கடைசியில் இடது கையால் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைப் பளபளவென்று வழித்துத் தின்றார், கண்ணில் தண்ணீர் வேறு. தங்கச்சியப் பாத்த சந்தோசம் என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உனக்குத் தெரியும் ஆர்கிரோ, வெண்டைக்காயும் பீன்ஸும் மறுநாள்தான் ருசி. ராத்திரி முழுக்க எண்ணெய் காய்க்குள் இறங்கி, தக்காளியின் புளிப்பு அடங்கி, ஆறிய சட்டியில்தான் அது சாப்பாடாகும். புதியதை அவருக்குப் போட்டுவிட்டு நல்லதை நாம் தின்றுகொண்டிருந்தோம், இந்த வீட்டில் அவர் கை வைக்காதது என்று நமக்கு இருந்தது அது ஒன்றுதான். இப்போது அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் கடைத்தெருவுக்கு முதல் ஆளாகப் போனேன். அன்றிலிருந்து அவருக்கு வேளைக்கு வேளை புதிய சமையல், அடுப்பிலிருந்து இறக்கியது நேராகத் தட்டுக்கு. நேற்றையதை நான் சாப்பிடுகிறேன், அடுப்படியில் நின்றுகொண்டு இல்லை, அவருக்கு எதிரே மேசையில் உட்கார்ந்து, ரொட்டியால் வழித்து. இடது கையை நீட்டுகிறார். செத்தாலும் திங்க மாட்டேன்னீங்களே என்கிறேன். வேண்டாம் என்கிறார், வாய் திறக்கிறது, சூடான கரண்டி போகிறது. பேக்கரிக்காரர் அனெஸ்திஸ் நேற்றுக்கூடச் சொன்னார், படுத்துக் கெடக்கிற புருசனுக்கு தெனம் புதுசு புதுசா ஆக்கிப்போடுற, உனக்கு சொர்க்கத்துல எடம் நிச்சயம் அக்கா என்று. கடையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அதனால் அத்தை வீட்டுப் பேச்சை இத்தோடு விடு. கல்லியோப்பி நல்லவள்தான், ஆனால் ஒருதரம் சமைத்து மூன்று நாள் வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு. அங்கே அவரை அனுப்ப எனக்கு மனம் இல்லை.

சுடவைத்துப் போட்டால் மினாஸ் முகத்தைச் சுளிக்கிறான் என்று எழுதியிருந்தாய். சண்டை போடாதே, அவனுக்குப் புதிதாகவே செய்து போடு. உனக்கு வேண்டியதை மூடி மறுநாளைக்கு வை. ஏன் என்று ஒருநாளும் அவனிடம் சொல்லாதே.

கடவுளும் கன்னி மாதாவும் உன் கையையும் காலையும் காத்து நிற்கட்டும், உன் வயிறு ஒருநாளும் காயாமல் இருக்கட்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள். அடுத்த முறை எழுதும்போது அப்பாவுக்கென்று தனியாக இரண்டு வரி எழுது, சூடாகச் சாப்பிடுங்கள் அப்பா என்று. மறந்துவிடாதே, நான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உன் அம்மா
எவ்லாம்பியா