ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு

நகரி
6-3-1960

அன்பு மகன் வரதராஜனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் தம்பி சம்பத்தும் சாமி புண்ணியத்தில் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. காய்ச்சல் என்று எழுதினாய், அப்புறம் நான் இரண்டு கார்டு போட்டும் பம்பாயிலிருந்து பதிலே இல்லை. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே இல்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார், அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது, அவர்தான் என்ன செய்வார்.

நீ ஆரம்பித்துவிட்டுப் போன முக்குளிப்புச் சங்கம் நன்றாக நடக்கிறது. திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேருகிறது, நாம் ஆந்திராவிலேயே இருக்கிறோம் என்று முடிவாகிவிட்டதாம், ஆனாலும் திருத்தணிப் பையன்கள் ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வந்துவிடுகிறார்கள். நீ அனுப்பிய ரப்பர் வைத்த தண்ணீர்க் கண்ணாடியை முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். போன வாரம் கார்வேட்டிநகரத்துக்குப் போனார்கள். அங்கே நாராயணசாமி என்பவர் கிணற்றில் எஞ்சின் குழாயின் வால்வு கழன்று அடியில் விழுந்து, தண்ணீர் இறைக்க முடியாமல் கரும்பு காய்கிறதாம், எடுத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் வீட்டு ஆள்தான் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் பராக்குப் பார்ப்பார்கள் என்று சட்டம் போட்டவனே நீதானே. அன்றைக்கு முங்கப் போனவன் நம் சம்பத், உன் நைனா தறிக்கு நூல் எடுக்க ரேணிகுண்டா போய்விட்டார், அதனால் நான் பஸ் ஏறினேன்.

ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், கயிற்றை விடு, இரண்டு இழுப்பு என்றால் தூக்கு என்று சம்பத் படித்துப் படித்துச் சொன்னான். எல்லாம் தெரிந்துதான் நின்றேன். ஆனால் அவன் தலை மறைந்து, குமிழியும் நின்று, கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது, காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன் பார், வால்வைப் பிடித்திருந்தவன் அதை விட்டுவிட்டுத் தூண்டில் மீன் மாதிரி மேலே வந்தான். யம்மோவ், நான் நல்லா கீறேன்னுதானே இழுத்தேன், நீ இன்னாத்துக்குத் தூக்குனே என்று எல்லார் எதிரிலும் கத்தினான். நாராயணசாமியின் சம்சாரம் சென்னம்மா, பெற்றவள் கையில் கயிற்றைக் கொடுத்தால் அப்படித்தான் என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். மறுபடி முங்கினான். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்புக்குக் கயிறு விட்டேன். அப்புறம் கயிறு அசையவே இல்லை. அப்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அங்கே கயிறு பிடிக்க நம் வீட்டு ஆள் யார் இருக்கிறார்கள் என்று. கடைசியில் இரண்டு இழுப்பு வந்தது, வால்வோடு மேலே வந்தான். கோபமெல்லாம் மறந்து பஸ்ஸில் என் தோளிலேயே தூங்கிவிட்டான்.

வெந்நீரே குடி, ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், உடம்பு தேறும் வரை தலைக்கு ஊற்றாதே. காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் ஒரே ஒரு வரி எழுதிப் போடு, நான் கயிற்றை விட்டுவிடுகிறேன், ஊருக்கு வா என்று தொந்தரவு செய்யமாட்டேன். விடவில்லை என்றால் இரண்டு வரி எழுது, கார்டு கிடைத்த அன்றைக்கே உன் நைனா ரேணிகுண்டாவில் பம்பாய் மெயில் ஏறிவிடுவார். ஒன்றுமே எழுதாமல் மட்டும் இருக்காதே, அதற்கு என்ன அர்த்தம் என்று உன் சட்டத்தில் இல்லை.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். பதில் கார்டும் இதிலேயே வைத்திருக்கிறேன், நம் விலாசம் எழுதியாயிற்று.

உன் அம்மா
கிருஷ்ணம்மா